குட்டி டிர்க்

தராசில் வைத்ததுமே டிர்க் மூத்திரம் போய்விட்டான்.

கொஞ்சநஞ்சமல்ல. தட்டு நிரம்பி மேசையில் வழிந்தது. மருத்துவர் ஒரு கையில் ஆமையைத் தூக்கிப் பிடித்தபடி மறு கையால் தட்டைத் துடைத்துவிட்டு மீண்டும் வைத்தார். இருநூற்றுப் பத்து கிராம், நூற்றுத் தொண்ணூறாக இறங்கியிருந்தது.

"கிளம்பறதுக்கு முன்னாடி தண்ணியில விட்டீங்களா?"

"இல்லையே," என்றாள் ஃபென்னா.

பொய். வெதுவெதுப்பான தண்ணீரில் அவனை உட்காரவைத்து, குடி, குடி என்று பக்கத்திலேயே நின்றிருந்தாள். நாலு கிராமாவது கூடட்டுமே என்றுதான்.

அவளுக்கு இந்த வித்தை புதிதல்ல. டெவென்டர் நகரத்தில், கைக்குழந்தைகளுக்கு எடை பார்க்கும் நிலையத்தில் தலைமைச் செவிலி அவள். வயிறு முட்டப் பால் கொடுத்து, ஈர டயப்பரையும் மாற்றாமல் தூக்கிவரும் தாய்மார்களை வாசலிலேயே கண்டுபிடித்துவிடுவாள். "டயப்பரக் கழட்டுங்க, அம்மா," என்பாள். எல்லாத் தாய்மாரும் அவளுக்கு அம்மாதான். பெயர் கேட்கிற வழக்கமில்லை.

இப்போது அவள் முறை.

பக்கத்து வீட்டு ஹார்ம் போர்ச்சுகலுக்குக் குடிபோகும்போது விட்டுப்போன ஆமை இது. எப்படி வளர்ப்பதென்று ஃபென்னா நிறையப் படித்தாள். குட்டி ஆமையை வாராவாரம் நிறுக்க வேண்டும். எடைக் கோடு மெல்ல மெல்ல மேலே ஏற வேண்டும். சட்டென்று ஏறினால் ஓடு மேடுமேடாகிவிடும். ஏறாமலே இருந்தால் நோய். சமையலறைத் தராசில் வைத்து நிறுத்து, குளிர்பதனப் பெட்டியின் கதவில் கோடு போட்டுக்கொண்டே வந்தாள். கோடு படுத்தே கிடந்தது.

இலைதழையைக் கூட்டினாள். ஏறவில்லை. இன்னும் கூட்டினாள். கோடு ஒரு மயிரிழை அசைந்தது. ஒரு நாள் அவன் கண்ணைத் திறக்காமல் கிடந்ததைப் பார்த்து, செத்துவிட்டானென்று பயந்து, வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அவன் தூங்கிக்கொண்டிருந்தான்.

மருத்துவர் டிர்க்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓட்டை விரலால் தடவினார். பிறகு நிமிராமலே கேட்டார்.

"வீட்ல என்ன குடுக்கறீங்க, அம்மா?"

அந்தக் கேள்வியை, அதே இழுவையோடு, ஃபென்னா எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள். அவளிடம் யாரும் கேட்டதில்லை.

"தோட்டத்துல பறிக்கிற இலைதான்."

"இலை மட்டுமா?"

"இலைதான்."

"அம்மா."

"கொஞ்சம் வாழப்பழம். நாய் பிஸ்கட்ட ஊறவச்சு... அதுவும் கொஞ்சந்தான்."

"தெரியுது. தொடைப் பக்கம் பாருங்க, சதை எப்படிப் பிதுங்குது." மருத்துவர் டிர்க்கை மேசையில் விட்டார். "இது குட்டின்னு உங்களுக்கு யாரு சொன்னது?"

"ஹார்ம். குட்டி ஆமைய வச்சுக்கங்கன்னுதான் குடுத்தாரு."

"நம்ம ஊர்ல எதத்தான் குட்டின்னு சொல்லாம விடறோம்? குட்டிக் காப்பி, குட்டி பீர். என் மாமனார் அவரோட லாரியவே குட்டி லாரிம்பாரு." மருத்துவர் சிரித்துவிட்டார். "இது எகிப்து ஆமைங்க. இந்த இனமே இவ்வளவுதான் வளரும். ஓட்டுல வரியெல்லாம் தேஞ்சு வழுவழுன்னு ஆயிடுச்சு பாருங்க. என்னைவிடப் பெரியவரா இருப்பாரு. இவர வளக்கறத நிறுத்துங்க, போதும்."

ஃபென்னா டிர்க்கைப் பார்த்தாள். அவன் மேசையில் வழிந்த தன்னுடைய ஈரத்திலேயே நிதானமாக நடந்து போய்க்கொண்டிருந்தான்.

"அப்ப இவனுக்கு ஒண்ணும் இல்லையா?"

"பசி இல்லாதப்போ ஊட்டறாங்க. அதுதான் இவருக்கு வியாதி."

ஃபென்னாவுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. எதற்கு இடம் கொடுப்பதென்று தெரியாமல் கைப்பையில் கைக்குட்டையைத் தேடினாள்.

"என்னைய ஞாபகமில்லையா உங்களுக்கு?" என்றார் மருத்துவர். "நான்தான் டைமனோட அம்மா. முழுசா ஒரு வருஷம் வாராவாரம் வரச் சொன்னீங்க. கஞ்சியில வெண்ணெய் போடச் சொன்னீங்க. அவன் துப்புவான், நான் அழுவேன், நீங்க கோடு போடுவீங்க."

ஃபென்னாவுக்கு நினைவு வந்தது. முகம் அல்ல. எடைத் தாளில் அச்சடித்த கோடுகள் எல்லாவற்றுக்கும் கீழே, தாளின் ஓரத்தை ஒட்டியே ஓடிய ஒரு கோடு. அத்தனை வருட வேலையில் அவள் பார்த்ததிலேயே தாழ்ந்த கோடு அதுதான். கடைசியில் அந்தத் தாய் வருவதையே நிறுத்திவிட்டாள். பொறுப்பில்லாதவள் என்று உடன் வேலை செய்பவர்களிடம் சொல்லியிருந்தாள் ஃபென்னா.

"இப்ப எப்படி இருக்கான்? எடை..." பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"தெரியாதுங்க. எங்க வீட்ல தராசே இல்ல. மரத்துல ஏறறான். இறங்கறதுக்குத்தான் ஆள் கூப்பிடறான்."

டிர்க்கைப் பெட்டியில் வைத்து மூடிவிட்டு, மருத்துவர் உயரமான சுழல் நாற்காலியிலிருந்து குதித்து இறங்கினார். மேசையைச் சுற்றி வந்து பெட்டியை நீட்டினார்.

வாங்குவதற்கு ஃபென்னா நன்றாகக் குனிய வேண்டியிருந்தது. மருத்துவரின் தலை அவளுடைய மார்பளவுக்குத்தான் வந்தது.

வாராவாரம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவள் முன்னால் வந்து நின்றபோதும் இதே உயரத்தில்தான் நின்றிருப்பார்.