மிச்சம் பிடித்த மின்சாரம்

மறுபடியும் ஏசி 'டக்'கென்று அணைந்தது.

ராகவேந்திரா எழுந்தான், உட்கார்ந்தான், திரும்ப எழுந்தான். இன்னும் சற்று நேரத்தில் லேப்டாப் முன்னால் அமர்ந்து பல நாட்டுக்காரர்களிடம் அவன் பேச வேண்டும். தலைப்பு, 'உலகம் முழுக்க மின்சாரத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்துவது எப்படி?' திருத்தணியின் சித்திரை வெயிலில் கோட்டும் டையும் கழுத்தை நெரித்தன.

பக்கத்து வீட்டில் விசைத்தறி தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"எல்லாம் அந்தத் தறியாலதான்!"

செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினான்.

"கெங்கம்மாக்கா! உங்க மோட்டார் கரண்ட்டைக் குடிக்குது. எனக்கு முக்கியமான மீட்டிங். கொஞ்ச நேரம் நிறுத்தக் கூடாதா?"

"அம்மா, சாயந்திரம் ஆர்.கே.பேட்டைலேருந்து சேலை எடுக்க வந்துடுவாங்க..." என்று இழுத்தாள் மகள் கவிப்பிரியா.

"சும்மா இருடி. நிறுத்திடறேன் நைனா, நீ போ" என்றாள் கெங்கம்மாள்.

தறி நின்றது. ஏசி ஓடியது. ராகவேந்திரா பிரமாதமாகப் பேசினான். "நாம் வீணாக்கும் ஒவ்வொரு யூனிட்டும் வேறு யாரோ ஒருவரிடமிருந்து பறித்தது!" என்றபோது திரை முழுக்கக் கைதட்டல்.

அந்த உற்சாகத்தில், அக்காவுக்கும் ஒரு நல்லது சொல்லிவிடலாம் என்று போனான். தாயும் மகளும் வாசற்படியில் முந்தானையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"அக்கா, அந்தப் பழைய மோட்டாரைத் தூக்கிப் போட்டுட்டு நல்லதா ஒண்ணு மாட்டுங்க. கரண்ட் கம்மியா இழுக்கும்."

"போன வருசமே மாத்திட்டோமே நைனா. கரண்ட்டை மிச்சம் பிடிக்கணும்னு நீ போன்ல பேசிக்கினு இருந்தது காதுல விழுந்துச்சு. அதைக் கேட்டுதான் மாத்தினோம்."

"அப்புறம் ஏன் வோல்டேஜ் இறங்குது?"

கெங்கம்மாள் தயங்கினாள்.

"உன் ஏசி வந்ததுலேருந்துதான். ரெண்டும் சேர்ந்து ஓடினா லைன் தாங்கல. அதான் தினமும் நீ பேசறப்போ தறிய நிறுத்திக்கினு உக்காந்துடுவோம். இன்னிக்கு அவசரம்னு ஓட்டிட்டோம். மனசுல வெச்சிக்காத."



கவிப்பிரியா ராகவேந்திராவின் வீட்டுப் பக்கம் பார்த்தாள். ஆளில்லாத அறையில் ஏசி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"மீட்டிங் முடிஞ்சிடுச்சாண்ணா? நாங்க தறிய ஓட்டிக்கலாமா?"