வெயில் ஆகாத டிரில் மாஸ்டர்

"சேதி தெரியுமா செங்கமலம்? டிரில் மாஸ்டருக்கு வெயில் ஆகாதாம்!"

குழாயடியில் குடத்தை நிமிர்த்திக்கொண்டே வீரம்மாள் சொன்னாள். சுற்றி நின்ற பெண்கள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள்.

சிரிக்காமல் என்ன செய்வது? டிரில் மாஸ்டர் சிங்காரவேல், நிலக்கரி மைன்ஸிலிருந்து அப்படியே வெட்டியெடுத்து நிறுத்தியது போல் கன்னங்கரேல் என்று இருப்பார்.

"இன்னும் கறுக்கறதுக்கு அந்த ஒடம்புல எங்கக்கா எடம் இருக்கு?" என்றாள் செங்கமலம்.

"கல்யாணம் ஆவாத பையனாச்சே! பொண்ணு பாக்கப் போறதுக்குள்ள செவக்கணுமாம்."

சிரிப்பு அடங்கியதும் கோபம் வந்தது. மதியம் மூன்று மணிக்கு இருந்த விளையாட்டு வகுப்பை, பள்ளிக்கூடம் விட்டு, பொழுது சாய்ந்த பிறகு என்று மாற்றிவிட்டார் மனிதர். கேட்டால், "எனக்கு வெயில் ஒத்துக்காது" என்கிறாராம். பிள்ளைகள் குவார்ட்டர்ஸுக்குத் திரும்புவதற்குள் இருட்டிவிடுகிறது. வழியில் முந்திரித்தோப்பு வேறு. பூச்சி பொட்டு கிடக்கும்.

"பெரிய வாத்தியாருக்கு எழுதிக் குடுத்து, பழையபடி மூணு மணிக்கே வைக்கச் சொல்லுவோம். மொதல்ல நீ போய் ஒரு வார்த்தை கேட்டுக்கினு வா. ஒனக்குத்தான் வாய் இருக்கு" என்று செங்கமலத்தைக் கிளப்பிவிட்டாள் வீரம்மாள்.

அன்று சாயங்காலமே கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு செங்கமலம் கிளம்பிவிட்டாள்.

மைதானத்தில் வெளிச்சம் கரைந்துகொண்டிருந்தது. தூரத்தில் மைன்ஸ் விளக்குகள் பூக்க ஆரம்பித்திருந்தன. கிளம்பிய புழுதியில் பிள்ளைகளின் கால்களே தெரியவில்லை. எல்லோரும் மிதந்துகொண்டிருந்தார்கள்.

அந்த மங்கலில் ஒன்று மட்டும் வெள்ளையாக ஓடியது. தலைமுடி, புருவம், கை, கால் எல்லாம் பஞ்சு வெள்ளை. நிலாவிலிருந்து ஒரு துண்டு உதிர்ந்து வந்து, தொட்டுப் பிடித்து விளையாடுவது போல் இருந்தது. அதன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடியவள் செங்கமலத்தின் மகள் பெரியநாயகி.

சண்டைக்கு வந்தவள் வந்த காரியம் மறந்து நின்றாள்.

"யாருங்க சார் அந்தப் பொண்ணு?" என்று பக்கத்தில் வந்த சிங்காரவேலைக் கேட்டாள்.

"தனகோட்டி. கான்ட்ராக்ட் வேலை செய்யற ராயப்பன் மக. புதுசா சேர்ந்திருக்கு. மூணு மணிக்கு எல்லாரும் விளையாடினா, இது மட்டும் ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும்."

"ஏங்க, வெளியே வராதா?"

"நம்ம தோல்ல இருக்கிற கறுப்பு இருக்கே, அது வெயிலுக்குப் பிடிச்ச குடைம்மா. இதுக்குப் பிறவியிலேயே அந்தக் குடை இல்ல. கொஞ்ச நேரம் வெயில் பட்டாலே வெந்துபோயிடும். பட்டுக்கிட்டே இருந்தா, பின்னால ஆறாத புண்ணு வந்து, புற்றுநோய் வரைக்கும் போகலாம்னு டாக்டர் சொல்லியிருக்கார். வெயில்ல நிக்காத வரைக்கும் பயமில்லையாம். அதான் வெயில் போனப்புறம் விளையாடட்டுமேன்னு..."

"அப்ப, ஒங்களுக்கு வெயில் ஆகாதுன்னு சொன்னது?"

சிங்காரவேல் சிரித்தார். இருட்டில் பல் மட்டும் தெரிந்தது.

"எனக்கென்னம்மா? இந்த டவுன்ஷிப்பிலேயே பெரிய குடை என்னோடதுதான்! ஆனா அந்தப் பிள்ளைக்காகத்தான் நேரத்தை மாத்தினேன்னு தெரிஞ்சா, அதைத்தானே பேசுவாங்க? ஒட்டுவாரொட்டி, கிட்டப் போகாதேம்பாங்க. என்னைப் பேசினா, சிரிச்சிட்டுப் போயிடுவாங்க."

வேர்த்து விறுவிறுத்து ஓடிவந்த பெரியநாயகி அம்மாவின் கையைப் பிடித்தாள். "கொஞ்சமாவது வெளுக்குதா பாரு" என்று திட்டிக்கொண்டே காலையில் அம்மா பயத்தமாவு போட்டுத் தேய்த்த கறுத்த கை. செங்கமலம் அதை ஒருமுறை மெல்லத் தடவிக் கொடுத்தாள்.

மறுநாள் குழாயடியில் வீரம்மாள் காத்திருந்தாள்.

"என்னாடி சொன்னான்?"

"நீ சொன்னதேதான்க்கா!" செங்கமலம் வாய்விட்டுச் சிரித்தாள். "எழுதியெல்லாம் குடுக்க வேணாம். பிள்ளைங்கள தெனம் நானே போய் இட்டாந்துடறேன். பாவம், பொண்ணு பாக்கற வரைக்கும் அந்த மனுசன் கொஞ்சம் செவந்துக்கட்டும்!"