செவலையின் வயிற்றில் ரேடியோ

"டாக்டர், மாட்டு வயித்துக்குள்ள ரேடியோவா? பாட்டு கேக்குமா?"

உடையப்பன் சிரித்துக்கொண்டேதான் கேட்டான். பார்வை மட்டும் தீவனத் தொட்டிப் பக்கம் போய் வந்தது.

"பாட்டு இல்லண்ணே, வயித்துப் புளிப்பைச் சொல்லும்" என்றார், ஈப்போவிலிருந்து வந்திருந்த மாட்டு டாக்டர் லியோனார்ட். கொஞ்ச நாளாக உடையப்பனின் பசு செவலைக்கு வயிறு உப்பல், பாலும் பாதியாகிவிட்டது.

கட்டைவிரல் பருமனில் ஒரு குளிகையைச் செவலையின் தொண்டைக்குள் தள்ளினார் டாக்டர். கொட்டகைத் தூணில் ஒரு பெட்டியை மாட்டினார். எண்பத்து நாலில் அந்த மலேசிய ரப்பர் தோட்டத்தில் யாரும் கண்டிராத சாமான்.

"குளிகை கம்பியில்லாம சேதி அனுப்பும். பெட்டி காகிதத்துல கோடு போடும். மாடு சோறு கீறு தின்னா புளிப்பு ஏறும், கோடும் ஏறிடும். புல்லைத் தவிர வேற எதும் குடுக்கிறீங்களா?"

"ஐயோ, புல்லு மட்டுந்தான் டாக்டர்!"

பொய். ஆயர் தாவாரிலிருந்து வாழ வந்த அவன் மனைவி நவமணிக்குத் தங்கமான குணம். சமையல்தான் வாயில் வைக்க முடியாது. கல்யாணமான மூன்று மாதமாக, "காத்தாட சாப்பிடுறேன்" என்று தட்டோடு கொட்டகைக்குப் போவான். காலித் தட்டோடு திரும்பி, "ரொம்ப பாகுஸ்லா!" என்று மலாயில் மெச்சுவான். அவள் முகம் மலர்ந்துபோகும். அந்த முகம் வாடினால் அவனுக்குத் தாங்காது.

அன்று இரவு புளிக்குழம்பு.

"நீயும் உக்காரு, நவமணி."

"நீங்க சாப்பிடுங்க. நான் பொறவு சாப்பிட்டுக்கிறேன்" என்றாள் வழக்கம்போல.

இன்றைக்கு மட்டுமாவது தின்று தீர்த்துவிடுவது என்று போனான். ஒரு வாய் வைத்தான். கண்ணில் நீர் முட்டியது. செவலை ஆசையோடு பார்த்தது. தட்டு தானாகத் தொட்டியில் கவிழ்ந்தது.

காலையில் வந்த டாக்டர் காகிதத்தை உருவிப் பார்த்தார்.

"புல்லு மட்டுந்தானா அண்ணே? ராத்திரி சோறுல்ல போயிருக்கு!"

நவமணி பக்கத்திலேயே நின்றாள். உடையப்பன் தலையைச் சொறிந்தான்.

"நான்தான் டாக்டர்... கோவிச்சுக்காத நவமணி, என் நாக்குதான் சரியில்ல. ஒரே ஒரு தட்டுதான் டாக்டர்!"

"ஒரு தட்டா? கோடு ரெண்டு வாட்டி ஏறியிருக்கே! முதல்ல ஏறினது உங்களது. பத்து மணிக்கு மேல, நீங்க படுத்த பொறவு போட்டது யாரு?"

நவமணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நீங்க தினம் பாகுஸ்னு சொல்லவும், உங்களுக்கு நாக்கு செத்துப்போச்சுன்னுல்ல நெனச்சேன்! நான் ஆக்கினதை என்னாலயே திங்க முடியலங்க... என் பங்கையும் தினம் செவலைக்குத்தான் கொட்டுறேன்!"