ஆறு மாதத்துக்குச் செல்லும்

நம்பரைப் பார்த்ததும் அவள் கை கேமராவோடு அப்படியே நின்றுவிட்டது.

முகங்கள் அவளுக்கு நினைவில் தங்காது. நம்பர் பிளேட் மறக்காது. கோவில்பட்டி பைபாஸில், பெட்ரோல் பங்கின் ஓரத்துப் புகை டெஸ்ட் கூண்டில், ஏழு வருடமாக அவள் பார்ப்பது நம்பர் பிளேட்டைத்தான்.

சாம்பல் நிறக் கார். ஆறு மாதத்துக்கு முன் இங்கே வந்தது.

அன்று ஓட்டி வந்தவர் ஞானதுரை. அந்தப் பெயர் அவள் மனதில் பதிந்ததே அடுத்த மாதம்தான், பஸ் ஸ்டாப் சுவரில். கண்ணீர் அஞ்சலி போஸ்டர். இதே காரின் மேல் சாய்ந்து நின்று சிரித்துக்கொண்டிருந்தார். நம்பர் முழுசாகத் தெரிந்தது.

கல்யாண மண்டபத்துக்கு வெளியே காரை நிறுத்தி, ஏ.சி. போட்டுக்கொண்டு, மதியச் சாப்பாட்டுக்குப் பின் கண் அசந்தவர். எழுந்திருக்கவில்லை. நெஞ்சுவலி என்றார்கள். அறுக்க வேண்டாம் என்று மன்றாடி உடம்பை வாங்கிப் போய்விட்டார்களாம். டீக்கடையில் பேசிக்கொண்டார்கள்.

வாங்கிய டீயை அவள் குடிக்கவில்லை.

அவர் போன பிறகும் அவள் கொடுத்த சான்று ஐந்து மாதம் செல்லுபடியானது.

காரிலிருந்து ஒரு பெண் இறங்கினாள். பெயர் மெர்லின். வண்டி வீட்டுக்காரருடையது, அவர் இல்லை, இனித் தம்பிதான் ஓட்டுவான், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுவதற்கு என்றாள். பழைய சான்றை நீட்டினாள். பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரமாக வைத்திருந்தாள்.

"எனக்கு இந்த வண்டியில ஏறுனாலே தல வலிக்குதுக்கா. வண்டியிலதான் என்னமோ கோளாறுன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். அவுக இங்க வந்து இத வாங்கிட்டுப் போயி, பாத்தியா, வண்டி சுத்தம், உனக்குத்தான் சீக்குன்னு சிரிச்சாக."

அதற்காகத்தான் ஞானதுரை அன்று வந்திருந்தார். கொஞ்சம் நல்லாப் பார்த்துச் சொல்லுங்கள் என்று இரண்டு தடவை கேட்டார். அவளும் இரண்டு தடவை தலையாட்டினாள்.

இந்தக் கூண்டில் ஒரு வழக்கம் உண்டு.

பின்னால் முதலாளியின் வெள்ளைக் கார் நிற்கும். பரிசோதனைக் குழாயைக் காலையில் அதன் சைலன்சரில் சொருகினால் சாயங்காலம்தான் வெளியே வரும். எந்த வண்டி வந்தாலும் அவள் நம்பர் பிளேட்டை மட்டும் படம் எடுப்பாள். மூச்சு விடுவது வெள்ளைக் கார். எல்லா வண்டியும் பாஸ். யாருக்கும் யார் மேலும் வருத்தமில்லை.

கம்ப்யூட்டரில் நம்பரைத் தட்டினாள். உரிமையாளர் பெயரை அது தானாகவே போட்டுக்கொண்டது.

ஞானதுரை.



தம்பி ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடி ஏற்றியிருந்தது. பின் சீட்டில், யூனிஃபார்மோடு, ஒரு பெண் குழந்தை தூங்கியது.

அவள் கண்ணாடியைத் தட்டினாள்.

குழந்தை அசையவில்லை.

மறுபடி தட்டினாள். பிறகு கதவைத் திறந்து தோளைப் பிடித்து உலுக்கினாள். கண்கள் மெல்லத் திறந்தன. அவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"தல வலிக்குதும்மா," என்றது குழந்தை.

மெர்லின் சிரித்தாள். அம்மாவின் சீக்கு பிள்ளைக்கும் வந்துவிட்டது என்றாள்.

அவள் மெர்லினிடம் பிள்ளையை இறக்கச் சொன்னாள். தம்பியையும் இறங்கச் சொன்னாள். பிறகு தரையில் முட்டி போட்டு வண்டிக்கு அடியில் பார்த்தாள்.

புகை போகும் பைப்பின் நடுவே ஒரு டப்பா இருக்க வேண்டும். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர். என்ஜின் கக்கும் கார்பன் மோனாக்சைடு என்னும் வாசமில்லா விஷத்தை உள்ளேயே எரித்துவிடுவது அதன் வேலை. அதற்குள் இருக்கும் உலோகத்துக்கு ஆசைப்பட்டு எவனோ அறுத்து எடுத்திருந்தான். அந்த இடத்தில் வெறும் பைப் துண்டு. வெல்டிங் விட்டிருந்தது. இடுக்கைச் சுற்றிக் கரி அப்பியிருந்தது, மேலே காரின் அடித்தகடு வரைக்கும். புகை அந்த வழியாகத்தான் வண்டிக்குள் ஏறியிருக்கிறது.

குனிந்தால் போதும், தெரிந்திருக்கும். அன்று அவள் குனியவில்லை.

எழுந்து கூண்டுக்குப் பின்னால் போனாள். வெள்ளைக் காரிலிருந்து குழாயை உருவினாள். பங்க் ஆபீஸ் வாசலில் நின்ற முதலாளி பேச்சை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார். பார்க்கட்டும் என்று நினைத்தாள். புழுதியில் குழாய் பாம்பாட்டம் அவள் பின்னாலேயே வந்தது.

சாம்பல் காரின் சைலன்சரில் சொருகினாள்.

திரையில் கார்பன் மோனாக்சைடின் எண் ஏறியது. அரைச் சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. ஒன்றைத் தாண்டியது. இரண்டைத் தாண்டியது. நின்றுவிடேன் என்று அவள் கெஞ்சினாள். நான்கு புள்ளி ஒன்றில் நின்றது.

காகிதத்தை எடுத்துக் கொடுத்தாள். வண்டி ஃபெயில். இனி இதில் யாரும் ஏறக் கூடாது, ஆட்டோவில் போங்கள், இதைக் கட்டி இழுத்துத்தான் கொண்டுபோக வேண்டும் என்றாள். 

மெர்லின் இரண்டு காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஒரே கார். ஒரே நம்பர். ஒரே கையெழுத்து. பழையதில் பூஜ்யம் புள்ளி பூஜ்யம் இரண்டு.



"அன்னைக்கு இந்தக் குழாய் எங்க இருந்துச்சுக்கா?"

அவள் தரையைப் பார்த்தாள்.

புழுதியில் குழாய் இழுபட்ட தடம் இருந்தது. கூண்டைச் சுற்றிப் பின்பக்கம், வெள்ளைக் கார் நிற்கும் இடம் வரை போனது.

மெர்லின் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, அந்தத் தடத்தின் மேலேயே நடக்கத் தொடங்கினாள்.