மாஸ்ட்ரிக்டில் இரண்டு இரவு

"உன் பாத்ரூமுக்குக் கொஞ்சம் போயிட்டு வந்துடறேன்" என்று ரென்ஸ்கே எழுந்ததும் சிநேகிதி டினி காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள். வந்து உட்கார்ந்த இருபது நிமிடத்தில் இது இரண்டாவது தடவை.

"ஏண்டி, உடம்பு ஏதும் சரியில்லையா? நேத்து கோர்ரி வீட்லயும் இதே கதையாம். வெக்கப்படாம டாக்டரப் பாத்துடு."

"குளிர்டி, குளிர்! வேற ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டே ரென்ஸ்கே கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி உள்ளே போய்த் தாழ்போட்டாள்.

நாட்டின் வடகோடி ஊரான குரோனிங்கனில் எல்லார் வீட்டையும் போல அங்கேயும் கழிப்பறைச் சுவரில்தான், வேண்டியவர்கள் பெயரைத் தேதிவாரியாக எழுதிவைக்கும் பிறந்தநாள் காலண்டர் தொங்கியது. ஜனவரித் தாளில் பதினெட்டாம் தேதிக்கு நேரே பென்சில் எழுத்தில் அவள் பெயர். முதல் தடவை வந்தபோது பாதிதான் அழிந்திருந்தது.

கைப்பையிலிருந்து ரப்பர் வெளியே வந்தது. பரபரவென்று நாலு தேய்ப்பு; இடம் பளிச். தூளை ஊதித் தள்ளிவிட்டு, ஒப்புக்கு ஒரு முறை தண்ணீரையும் இழுத்துவிட்டாள். வந்த சிரிப்பை அடக்கக் கைக்குட்டையைக் கடிக்க வேண்டியிருந்தது.

வரப்போவது ஐம்பதாவது பிறந்தநாள். சும்மா விடுவார்களா? விடியும் முன்னே வாசலில் ஆளுயரக் கிழவிப் பொம்மையை உட்காரவைத்து, போகிற வருகிற சைக்கிள்காரனையெல்லாம் சிரிக்கவைப்பார்கள். அப்புறம் உறவும் சிநேகிதமுமாகப் பதினோரு வீட்டு ஜனமும் கூடத்தில் வட்டமாக நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்ளும். பிறந்தநாள்காரிதான் இருட்டும்வரை காபி ஊற்றி, கேக் வெட்டி, காலொடிய வேண்டும்.

இந்த வருஷம் மாட்டேன் என்று முடிவு செய்துவிட்டாள். நாட்டின் மறுகோடியில் மாஸ்ட்ரிக்ட். ஆற்றைப் பார்த்த அறை. இரண்டு இரவு. கூட வரப்போவது கணவன் ஹார்ம் மட்டும்.

"பதினேழு போறோம், பத்தொன்பது வரோம்" என்று அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் ரயில் நேரங்களைப் பரப்பினாள்.

"ஜனவரியிலயா? காது வெறச்சுக் கீழ விழுந்துடும்" என்றான் ஹார்ம்.

"அதனாலதான் ரூம் பாதி விலை."

"பாதி விலையா! காது போனா போகட்டும்" என்று அவன் எழுந்து பெட்டியைத் தேடப் போனான்.

எதற்குப் போகிறோம் என்று அவனிடமும் அவள் சொல்லவில்லை. சொன்னால் ஊருக்கே தெரிந்துவிடும். தேதி எதுவும் அவன் தலையில் நிற்காது என்பது வசதியாகப் போயிற்று. காலையில் கழிப்பறையிலிருந்து வெளியே வரும்போதுதான், "அட, இன்னிக்குக் கோர்ரிக்குப் பொறந்தநாள்!" என்று செய்தி வாசிப்பான். தங்கள் வீட்டுக் கழிப்பறையின் அந்தக் காலண்டரில்தான் ரென்ஸ்கே முதன்முதலில் ரப்பரைத் தேய்த்துப் பழகியிருந்தாள்.

மறுநாள் காலை அவன் வெளியே வந்து, அவளைப் பார்த்து வாயைத் திறந்தான். மூடிக்கொண்டான். தலையைச் சொறிந்துகொண்டே நகர்ந்துவிட்டான்.

'இவருக்கும் பயண நினைப்புதான்' என்று நினைத்து அவள் இன்னொரு கம்பளிக் காலுறையைப் பெட்டிக்குள் திணித்தாள்.

பாக்கியிருந்தது ஒரே வீடு, நாத்தனார் ஹெர்மினுடையது. காபியோடு ஒரு பிஸ்கட் கொடுத்ததும் டப்பாவை மூடிவிடுகிறவள் அவள். கழிப்பறைக்குள் போய்ப் பார்த்த ரென்ஸ்கேக்குத் தூக்கிவாரிப் போட்டது. கிராதகி பேனாவில் எழுதியிருந்தாள்!

கைப்பையைக் குடைந்தாள். பூப்படம் போட்ட புதுத் தபால்தலை ஒன்று அகப்பட்டது. நாக்கால் நனைத்துப் பெயர்மேல் ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தினாள். பெயர் மறைந்தது, பதினெட்டாம் தேதியில் துலிப் பூத்தது.

மாஸ்ட்ரிக்டில் பதினெட்டாம் தேதி விடிந்தது. போன் அடிக்கவில்லை. வாசலில் பொம்மை இல்லை. ரென்ஸ்கே போர்வைக்குள் கிடந்தபடியே காலை உதைத்துச் சிரித்தாள். ஹார்மும் காரணம் கேட்காமல் கூடச் சிரித்தான்.

கைகோத்துக்கொண்டு படியிறங்கினார்கள். கடைசி மூன்று படியை அவள் குதித்தே கடந்தாள். விடுதியின் சாப்பாட்டு அறைக் கதவை ஹார்ம் திறந்துவிட்டான்.

நாற்காலிகள் வட்டமாகப் போட்டிருந்தன. பதினோரு வீட்டு ஜனமும் உட்கார்ந்திருந்தது. நடுநாயகமாகத் தலைமுக்காடும் மூக்குக்கண்ணாடியுமாகக் கிழவிப் பொம்மை.

"வாழ்த்துகள் ரென்ஸ்கே! உனக்கும் வாழ்த்துகள் ஹார்ம், பொண்டாட்டிக்கு அம்பதாச்சு!" என்று ஆளாளுக்குக் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். "காபி எங்கடி?" என்று டினி கோப்பையை நீட்டினாள்.

ஹெர்மின் இரண்டு விரலுக்கிடையில் ஒரு தபால்தலையைத் தூக்கிக் காட்டினாள். "புதுசாச்சே, வீணாப் போகக் கூடாதேன்னு கெட்டில் ஆவியில காட்டி உரிச்சேன். அடியில பாத்தா உன் பேரு!"

"எங்க வீட்ல ஒரே ரப்பர் தூள்" என்றாள் கோர்ரி.

ரென்ஸ்கே ஹார்மின் காதருகே பல்லைக் கடித்தாள். "பதினோரு வீட்லயும் இப்பப் பாத்து ஏன் காலண்டரப் பாத்தாங்க? யாரு பாக்கச் சொன்னது?"

ஹார்மின் முகம் பெருமையில் சிவந்தது.

"நான்தான்! நம்ம காலண்டர்ல உன் பேரக் காணோம். உன்கிட்ட கேட்டா திட்டுவியேன்னு, வீடு வீடா போன் போட்டு, மாஸ்ட்ரிக்ட் போறதையும் சொல்லித் தேதி கேட்டேன்."