கஞ்சிக் கறை

ஜவ்வாது மலையில் விண்மீன் திருவிழா. பிறந்ததுமே எல்லோர் கண்ணுக்குள்ளும் பொருத்தப்பட்டு, வானத்துக்கு வண்ணம் பூசிக் காட்டும் வில்லைகளை வாசலிலேயே அணைத்துவிட்டார்கள். ஆண்ட்ரோமெடா விண்மீன் திரளை வில்லையின் துணையில்லாமல் தொலைநோக்கியில் பார்த்து, உள்ளபடி சொல்பவருக்கு அந்தத் தொலைநோக்கியே பரிசு.

"ஊதாச் சுருள் சார், நடுவுல தங்கமா மின்னுது!" என்று முன்னால் போனவர்களெல்லாம் நடுவரிடம் சொன்னார்கள்.

அடுத்துத் தொலைநோக்கியில் கண் வைத்த மாரிக்கனிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எனக்கு ஒரு எழவும் தெரியல சார்." பிறகு நேராகப் பார்க்காமல், அதற்குள்ளேயே கடைக்கண்ணால் பார்த்தாள். "இருங்க... கஞ்சி சிந்துன கறை மாதிரி என்னமோ இருக்கு."

"படிச்ச பொண்ணு பேசுற பேச்சா இது?" என்று வரிசை சிரித்தது.

நடுவர் ஸ்டீபன் சிரிக்கவில்லை. "நீ ஒருத்திதாம்மா பாத்திருக்க. மத்தவங்க இத்தனை நாளா வில்லை சொல்லிக் குடுத்ததை ஒப்பிச்சிட்டுப் போறாங்க. தூக்கிட்டுப் போ, உனக்குத்தான்."

மாரிக்கனி கண்ணை எடுக்கவில்லை.

"செத்த சும்மா இருங்க சார். கண்ணு இருட்டுக்குப் பழகி, கறை இப்பத்தான் பெருசாகுது."