வாய்தா கிடையாது

கும்பிட்ட கையை அவர் இறக்குவதற்குள் கன்னத்தில் முதல் அறை விழுந்தது. மூக்குக் கண்ணாடி பறந்துபோய் டீவிக்கு அடியில் ஒளிந்துகொண்டது.

"இது நோட்டீஸ்" என்றான் செக்ஷன். "எடுத்த எடுப்புல கையை காலை முறிக்கக் கூடாது. முறைப்படி நோட்டீஸ் குடுக்கணும். சட்டம்."

அடிதடி வழக்குகளுக்காகப் பாதி வாழ்நாளைக் கோர்ட் வராந்தாவில் கழித்ததால் வந்த பெயர் அது. வக்கீல்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டு, சட்டம் சொல்லாமல் இப்போது அவன் யாரையும் அடிப்பதில்லை. கூட வந்த இரண்டு தடியர்களும், ஜூனியர்கள் மாதிரி, எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்கள்.

அவர்கள் உள்ளே நுழைந்தபோது ஹாலில் இருந்தது இரண்டே பேர். ஒருவர் சோபாவில் கால்மேல் கால் போட்டுச் சாய்ந்திருந்தார். எதிரில் நின்றவர், "எம் பொண்ணு கைக்குழந்தையோட எங்க சார் போவா? கொஞ்சம் மனசு வைங்க" என்று தழுதழுத்துக்கொண்டிருந்தார். யார் யாரென்று செக்ஷன் விசாரிக்கவில்லை. இத்தனை வருட அனுபவம் சும்மாவா?

"யாருப்பா நீங்க?" என்று சோபாக்காரர் எழப் பார்த்தார்.

"நீங்க உக்காருங்க சார். வீட்டு விஷயமாத்தான் வந்திருக்கோம். நாளைக்கு வரச் சொல்லியிருந்தீங்க, நான் இன்னிக்கே வந்துட்டேன். கோர்ட்டு மாதிரி இழுத்தடிக்கிற வேலையே நம்மகிட்ட இல்ல. நமக்கு வாய்தா கிடையாது."

சோபாக்காரர் செக்ஷனைப் பார்த்தார். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவரைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, மறுபடியும் சாய்ந்து காலை மாற்றிப் போட்டுக்கொண்டார்.

அடுத்த குத்து விலாவில் இறங்கியது. நின்றவர் இரண்டாக மடிந்தார்.

"பன்னெண்டு வருஷம் இருந்துட்டா வீடு சொந்தமாயிடும்னு எவன்டா சொன்னான்? வாடகைக்கு வந்தவன் நூறு வருஷம் இருந்தாலும் வாடகைக்காரன்தான். தெரியுமா, தெரியாதா?"

"அதைத்தான்யா நானும்..."

"பாரு, ஒத்துக்கிட்டான். குறிச்சுக்கோ" என்றான் செக்ஷன். எழுதத் தெரியாத தடியன் முழங்காலால் அவர் முதுகில் குறித்துக்கொண்டான்.

அவர் டீப்பாய் மேல் போய் விழுந்தார். அதன் கண்ணாடி நொறுங்கி உள்ளங்கையில் ஏறியது.

"கரண்ட்டைப் புடுங்கறது, தண்ணியை நிறுத்தறது, வெளிய பூட்டுப் போடறது, இதெல்லாம் சட்டப்படி குத்தம்." செக்ஷன் பொறுமையாக விளக்கினான். "அந்தக் கேவலமான வேலைக்கெல்லாம் நான் போக மாட்டேன். கை, கால். அதோட சரி."

சொன்ன சொல் தவறாமல் கையைப் பிடித்து முறுக்கினான். மணிக்கட்டு சுள்ளி மாதிரி முறிந்தது. அலறல் தெருக்கோடி வரை போயிருக்கும்.

"சுவத்துல ரத்தம் தெறிக்காம பாத்துக்குங்கப்பா. இப்பத்தான் பெயிண்ட் அடிச்சது" என்றார் சோபாக்காரர்.

வீட்டின் மேல் அவருக்கு இருந்த பாசத்தைப் பார்த்து செக்ஷனுக்கே நெஞ்சு இளகிவிட்டது. "கவலையே படாதீங்க சார். சாமானையெல்லாம் தூக்கி வெளிய எறிஞ்சிடறோம். இவனுது எதெது?"

சோபாக்காரர் நிதானமாகச் சுற்றிலும் பார்த்தார். பிறகு வாசல் பக்கம் விரலை நீட்டினார்.

"அந்தச் செருப்பு மட்டும்தான்."

"மத்ததெல்லாம்?"

"நம்மளது."

செக்ஷன் உச்சுக் கொட்டினான். "இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணி ஒரு ஜோடி செருப்பு! உருப்படுவியாடா நீ?"

கீழே கிடந்தவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். வாய்மேல் ஒரு உதை. ஒரு பல் தரையில் உருண்டு, மூக்குக் கண்ணாடியைத் தேடிப்போவதுபோல டீவி பக்கம் போனது. தடியர்கள் ஆளுக்கொரு காலைப் பிடித்து வாசல்படியில் தரதரவென்று இழுத்தார்கள். ஒவ்வொரு படியிலும் தலை இடித்தது. பக்கத்து வீடுகளில் ஜன்னல்கள் திறந்தன; திறந்த வேகத்திலேயே மூடிக்கொண்டன.

சாக்கடை ஓரத்தில் அவரைப் போட்டுவிட்டு, செருப்பையும் மறக்காமல் பின்னாலேயே வீசினார்கள். அடுத்தவன் பொருள் ஒன்றுகூட வீட்டில் தங்கக் கூடாது என்பதில் செக்ஷன் கறார்.

"இனிமே இந்த வாசப்படியை மிதிச்சே, அப்பீலே கிடையாது!" என்று தெருவைப் பார்த்துத் தீர்ப்பை வாசித்துவிட்டு உள்ளே வந்து, கைகழுவி, சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான்.

இனி ஒரு வேலைதான் பாக்கி. செக்ஷனிடம் வேலை கொடுத்தவர்கள் யாரும் அவனிடம் முகத்தைக் காட்டியதில்லை, அவனும் கேட்டதில்லை. பேசுவது, முடிப்பது, முடித்ததைச் சொல்வது எல்லாமே போனில்தான். எதிரிலேயே உட்கார்ந்திருந்தாலும் சரி, முறை என்றால் முறை. நாளைக்குப் போலீஸ் கேட்டால், "இவரா? நேர்ல பேசினதே இல்லீங்களே" என்று சத்தியம் பண்ணலாம்.

சோபாக்காரரைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டிவிட்டு நம்பரை அழுத்தினான்.

சோபாக்காரரின் பக்கத்தில் கிடந்த போன் வாயே திறக்கவில்லை. மணி வெளியே அடித்தது.

செக்ஷன் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தான். சாக்கடை ஓரத்தில் குப்புறக் கிடந்தவர், முறியாத கையால் பேண்ட் பையைத் துழாவி, எதையோ எடுத்துக் காதில் வைத்தார். பல் போன வாயிலிருந்து வந்த குரல் செக்ஷனின் காதுக்குள் கேட்டது.

"ஹலோ... வீட்டு ஓனர் பேசறேன்."